தொழுகை அறை கொடுத்தால் போதுமா? பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவரின் வழிபாட்டு வாழ்வு எப்படி இயங்குகிறது

வளாகத்தில் மாணவர்கள் மாடிப்படிக்கு அடியில் தொழுதார்கள், பெருநாளன்று தேர்வு வைத்துவிட்டார்கள், தொழுகை அறை பூட்டப்பட்டது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. கூடவே இரண்டு கேள்விகளும் எழுகின்றன. படிக்க வந்த இடத்தில் இது எதற்கு என்பது ஒன்று. ஓர் அறையை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்ததல்லவா என்பது இன்னொன்று. வழிபாடு நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று தெரியாததால்தான் இரண்டு கேள்விகளும் வருகின்றன. அறை ஒதுக்குவது இதில் ஆகச் சுலபமான பகுதி. அறை இருந்தும் மாணவர் தவிக்கிறார் என்றால், நேரம், தண்ணீர், நம்பிப் பேச ஓர் ஆள் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று இல்லை என்று பொருள்.

## ஐந்து வேளை: கடிகாரம் காட்டும் நேரமா, சூரியன் காட்டும் நேரமா?

தொழுகை நேரம் என்பது ஒரு நிமிடத்தைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் தொடக்கமும் முடிவும் உள்ள ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் எப்போது தொழுதாலும் கடமை நிறைவேறும்.

1. சுப்ஹு (ஃபஜ்ர்): கிழக்கு வெளுக்கத் தொடங்கியதிலிருந்து சூரியன் உதிக்கும் வரை. கடமையான ரக்அத் (நின்று, குனிந்து, சிரம் பணியும் ஒரு முழுச் சுற்று) 2.
2. லுஹர்: சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் தொடங்கி அஸர் நேரம் வரை. ரக்அத் 4.
3. அஸர்: ஒரு பொருளின் நிழல், உச்சிவேளையில் இருந்த நிழலுக்கு மேல் அப்பொருளின் உயரம் அளவுக்கு நீண்டதும் தொடங்கும். ஹனஃபி மத்ஹபின் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்ட மரபு) பிரபலமான கருத்துப்படி இரு மடங்கு நீள வேண்டும். சூரியன் மறையும் வரை. ரக்அத் 4.
4. மஃரிப்: சூரியன் மறைந்ததிலிருந்து அந்திச் செம்மை மறையும் வரை. ரக்அத் 3.
5. இஷா: அதன்பின் இரவில். ரக்அத் 4.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது மஃரிப். நிலநடுக்கோட்டுக்கு அருகில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் அளவுக்குத்தான் இடைவெளி. லுஹருக்கு அங்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஆகவே நண்பகல் வகுப்பு பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. மாலை 5 முதல் 8 வரை ஓடும் ஆய்வகம்தான் ஒரு தொழுகையை முழுதாக விழுங்கிவிடுகிறது.

வடக்கே போகப் போக இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 51 பாகை அட்சரேகையில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. உச்சிவேளைக்குப் பின் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அஸர் வந்துவிடும், 4 மணி நேரத்துக்குள் மஃரிப். ஒரு பிற்பகல் வகுப்புக்குள் மூன்று தொழுகைகள் அடைபடுகின்றன. அதே இடத்தில் ஜூன் மாதம் சூரியன் உச்சிவேளைக்கு 8 மணி நேரம் கழித்துத்தான் மறையும். ஏறத்தாழ 48½ பாகைக்கு மேல் கோடை உச்சத்தில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை வரை இறங்குவதே இல்லை. அதனால் இஷாவும் சுப்ஹும் எப்போது என்பதிலேயே அறிஞர்கள் வெவ்வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். சென்ற பருவத்தில் நன்றாகப் பொருந்திய வகுப்பு அட்டவணை இந்தப் பருவத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான். மாணவர் புதிதாகச் சலுகை கேட்பதாக எண்ணிவிடக் கூடாது. மாறியது சூரியன்.

ஷியா மாணவர்கள் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் வழக்கமாகவே சேர்த்துத் தொழுவார்கள். அவர்களுக்கு வேண்டிய நேர ஏற்பாடு வேறு. ஒரே ஒரு முஸ்லிம் மாணவரைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் அட்டவணை போட்டால் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

## பத்து நிமிட இடைவேளைக்குள் என்ன நடக்கிறது

உளூச் செய்ய, அதாவது தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவிக்கொள்ள, 3 முதல் 5 நிமிடம், தொழ 5 முதல் 8 நிமிடம். இதோடு நடை. வகுப்பிலிருந்து அறைக்குப் போக 7 நிமிடம், திரும்பி வர 7 நிமிடம் என்றால் மொத்தம் 25 நிமிடம் ஆகிவிடும். இரண்டு வகுப்புகளுக்கு இடையே 10 நிமிடம்தான் இருக்கிறது. மாணவர் மாடிப்படிக்கு அடியில் தொழுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கூட்டல்தான் காரணம்.

வளாகம் பரந்தது என்றால், ஒரு கோடியில் பெரிய மண்டபம் ஒன்று கட்டுவதைவிட, வகுப்புக் கட்டடங்களுக்கு உள்ளேயே நான்கைந்து பேர் நிற்கும் சிறு அறைகள் இரண்டு மூன்று இருப்பது பலமடங்கு பயன் தரும். பெரிய மண்டபம் வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். மற்ற நாட்களில் அருகில் இருப்பதுதான் முக்கியம்.

## அறை: அளவும் அமைப்பும்

தொழுகை விரிப்பு ஏறத்தாழ 70 செ.மீ. அகலமும் 110 செ.மீ. நீளமும் கொண்டது. ஸஜ்தாவுக்கு (நெற்றி தரையில் படப் பணிவதற்கு) இடம் விட்டு வரிசைக்கு வரிசை 120 செ.மீ. வைத்தால் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. 25 பேருக்கு 25 சதுர மீட்டர், அதோடு செருப்பு வைக்கவும் பைகள் வைக்கவும் வாசலருகே கொஞ்சம் இடம்.

இங்கே தவறு நேரும் இடங்கள் இவை:

1. கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை. சுவருக்கு இணையாகக் கிப்லா அமைவது அரிது. வரிசை சாய்வாக விழும்போது மூலைகள் வீணாகும். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே திசையைக் குறித்துப் பார்த்தால் எந்த அறையில் அதிகம் பேர் நிற்க முடியும் என்று தெரிந்துவிடும். கைப்பேசித் திசைகாட்டியை மட்டும் நம்பக் கூடாது. கட்டடத்தின் இரும்புக் கம்பிகளும் மின்கருவிகளும் ஊசியைத் திருப்பிவிடும். வரைபடத்தில் கட்டடத்தின் சுவரை வைத்துக் கோணத்தைக் கணக்கிட்டு, தரையிலோ கூரையிலோ ஒரு முறை நிரந்தரமாகக் குறித்துவிடுவது நல்லது.

2. பூட்டும் நேரம். அலுவலக நேரம் முடிந்து 5 மணிக்கு அறையைப் பூட்டினால், நேரம் மிகக் குறுகிய மஃரிபுக்கே அறை கிடைக்காது. மாணவர் அடையாள அட்டையால் திறக்கும் கதவு போதும். காவலர் தேவையில்லை.

3. பெண்களுக்கான இடம். ஆண்கள் கூட்டம் நிரம்பும்போது முதலில் பறிபோவது பெண்களின் பகுதிதான். அவர்கள் நிரந்தரமாக ஒரு மூலைக்கோ கிடங்குக்கோ தள்ளப்படுவதை நான் ஏற்கத்தக்க ஏற்பாடாகக் கருதவில்லை. தனி வாசல், அவர்களுக்கென்று தண்ணீர் வசதி, தொழுகையை நடத்தும் இமாமின் குரல் தெளிவாகக் கேட்கும்படி ஒலிபெருக்கி, வெள்ளிக்கிழமையும் விட்டுக்கொடுக்காத இடம் ஆகியவை தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். திரை வேண்டுமா, எவ்வளவு உயரம் என்பதை அங்கே தொழப்போகும் மாணவிகளிடமே கேட்க வேண்டும்.

4. எல்லா மதத்தாருக்கும் பொதுவான அறை. இது இயங்கக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வேளையும் வந்து போகிறவர்களும், வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் அமைதியாக அமர வருகிறவர்களும் ஒரே அறையைப் பகிரும்போது முன்பதிவு முறை ஒன்று வேண்டும். படங்களும் சிலைகளும் சின்னங்களும் நிரந்தரமாக மாட்டப்படாமல், அவரவர் பொருளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் வசதி இருந்தால் உரசல் பெரும்பாலும் வருவதில்லை.

## தண்ணீர்: யாரும் யோசிக்காத சிக்கல்

உளூவில் கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்து, முகம், முழங்கை வரை கைகள் கழுவி, தலையை ஈரக்கையால் தடவி (மஸஹ்), கணுக்கால் வரை பாதங்களைக் கழுவ வேண்டும். கடைசிப் படியில்தான் எல்லாப் புகாரும் பிறக்கிறது. இடுப்பளவு உயரத்தில் இருக்கும் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்தால் தொட்டி சுவரிலிருந்து பெயரும், தரை நனையும், அடுத்து வருபவர் வழுக்கி விழுவார். பிறகு 'கால் கழுவக் கூடாது' என்று அறிவிப்புப் பலகை தொங்கும். மாணவர் குற்றவாளியைப் போல ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போவார்.

தாழ்வான குழாய் ஒன்று, அதன் எதிரே நாற்காலி உயரத்தில் திண்ணை, வழுக்காத ஓடு, தரையில் வடிகால் என்று இவ்வளவுதான் தேவை. மின்இணைப்புப் பெட்டிகள் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் இருக்க வேண்டும். புதிய கட்டடம் என்றால் வரைபட நிலையிலேயே இதைச் சேர்ப்பது சுலபம். கட்டி முடித்தபின் தரையை உடைத்து வடிகால் போடுவதுதான் செலவு.

கட்டமைப்பு வரும்வரை மாணவர் தாமே செய்யக்கூடியதும் உண்டு. வீட்டிலேயே உளூச் செய்து காலுறை அணிந்து வரும் மாணவருக்கு, தோல் காலுறையின் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளும் அனுமதி இருக்கிறது. பெரும்பாலான மத்ஹப்களில் உள்ளூரில் இருப்பவருக்கு 24 மணி நேரம், பயணிக்கு 72 மணி நேரம். துணிக் காலுறைக்கு இது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே தாம் பின்பற்றும் மத்ஹபைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நபியவர்கள் ஒரு முத் அளவு, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குள், தண்ணீரில் உளூச் செய்ததாக ஹதீஸ் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) இருக்கிறது. ஒரு போத்தல் தண்ணீரே போதும் என்று தெரிந்த மாணவருக்குக் குழாய் இல்லாத கட்டடமும் தடையாவதில்லை.

## வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் வளைந்துகொடுக்காது

மற்ற தொழுகைகளைத் தனியாகத் தொழலாம், நேரத்துக்குள் முன்பின் தள்ளலாம். ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை, கூட்டாகத்தான் நிறைவேறும். அது தவறினால் பிறகு ஜும்ஆவாகத் திருப்பித் தொழ முடியாது, லுஹராகத்தான் தொழ வேண்டும். ஆண்களுக்குக் கடமை, பெண்கள் விரும்பினால் கலந்துகொள்ளலாம். இரண்டு பகுதிகளாகக் குத்பா என்னும் உரை, இடையே சிறு அமர்வு, பிறகு 2 ரக்அத். குத்பாவைச் சுருக்கமாக வைத்தால் 30 நிமிடத்தில் முடியும்.

குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும் என்பதில் மத்ஹப்கள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் 40 பேர், மாலிகியில் இமாமைத் தவிர 12 பேர், ஹனஃபியில் இமாமைத் தவிர 3 பேர். சிறிய வளாகத்தில் ஜும்ஆ நடத்தலாமா, அருகிலுள்ள பள்ளிவாசலுக்குப் போவதா என்ற முடிவு இந்த எண்ணில் நிற்கிறது.

வகுப்பு அட்டவணை போடுகிறவர் கவனிக்க வேண்டியவை:

1. வெள்ளிக்கிழமை உச்சிவேளையை ஒட்டிய ஒன்றரை மணி நேரத்தில் கட்டாய வகுப்பு, வருகைப்பதிவு, சிறுதேர்வு வைக்காதிருத்தல்.
2. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் உச்சிவேளையும் கடிகாரத்தில் தள்ளிப்போகும். குளிர்காலத்தில் 12.30க்கு நடந்த ஜும்ஆ கோடையில் 1.30க்குப் போகும். ஆண்டு முழுவதும் 12 முதல் 1 வரை இடைவேளை என்று பூட்டிவிட்டால் பாதி ஆண்டு பயனில்லை.
3. இடம் போதாதபோது 45 நிமிட இடைவெளியில் இரண்டு ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) வைக்கலாமா என்பதை இமாம்தான் முடிவு செய்ய வேண்டும். தேவை இருந்தால் மட்டுமே அதற்கு இடம் உண்டு.

## தேர்வு அறைக்குள் தொழுகை நேரம்

மூன்று மணி நேரத் தேர்வு மஃரிப் முழுவதையும் மூடிவிடும்போது என்ன செய்வது? 'சேர்த்துத் தொழுதுகொள்ளுங்கள், உங்கள் மார்க்கத்தில் அனுமதி இருக்கிறதே' என்று நிர்வாகம் பதில் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நபியவர்கள் மதீனாவில் அச்சமோ மழையோ இல்லாத நிலையில் லுஹர், அஸரையும், மஃரிப், இஷாவையும் சேர்த்துத் தொழுதார்கள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் என்னும் தொகுப்பில் உள்ளது. அதை வைத்து, உண்மையான நெருக்கடியில், வழக்கமாக்கிக்கொள்ளாமல் சேர்க்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபோ ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் சேர்ப்பதை ஏற்பதில்லை. ஒரு மாணவருக்கு உதவும் வழி அடுத்தவருக்கு வழியே இல்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது தேர்வுத் துறையின் வேலை அல்ல. நேரத்தைச் சரிசெய்வதுதான் அதன் வேலை.

நடைமுறையில் சிறப்பானது, தேர்வின் தொடக்கத்தை அரை மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளுவது. அது முடியாதபோது, கழிவறைக்குக் கண்காணிப்பாளரோடு போய்வருவதைப் போலவே பக்கத்து அறையில் 10 நிமிடம் தொழுதுவர அனுமதித்து, அந்த நேரத்தை இறுதியில் சேர்த்துக் கொடுக்கலாம். மாணவர் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. தேர்வு நாள் காலையில் வந்து கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அட்டவணை வெளியான வாரத்திலேயே தேதி, தேர்வு, அன்றைய தொழுகை நேரம் மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

## ரமலானும் பெருநாட்களும்

சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாட்கள். எனவே ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாட்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2024இல் மார்ச் இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. 2025இல் மார்ச் தொடக்கத்தில். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் இறுதியில் இன்னொன்று என இரண்டு ரமலான்கள் தொடங்கும். தேர்வுக் காலத்தோடு மோதப்போகும் ஆண்டுகள் எவை என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்துவிடலாம்.

கணக்கிட முடியாதது ஒரு நாள் மட்டும். மாதம் 29 நாளா 30 நாளா என்பது பிறை பார்த்து முடிவாகிறது. நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது முந்தைய இரவுதான் உறுதியாகும், ஒரே வளாகத்தில் இரு பிரிவினர் இரு நாட்களில் கொண்டாடுவதும் உண்டு. விடுப்புப் படிவத்தில் ஒரே தேதியைக் கேட்பதற்குப் பதில் 'இந்த இரண்டு நாட்களில் ஒன்று' என்று ஏற்றுக்கொண்டால் சிக்கல் தீரும். ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் மாதத்தின் 10ஆம் நாள் என்பதால் பிறை தெரிந்தபின் ஒன்பது நாள் அவகாசம் கிடைக்கிறது.

நோன்பு நாளில் பசியைவிடத் தூக்கக் குறைவுதான் படிப்பைப் பாதிக்கிறது. இஷாவுக்குப் பின் தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை, அதிகாலைக்கு முன் ஸஹர் உணவு என்று இரவு இரண்டாக உடைகிறது. அதனால் தேர்வைப் பிற்பகலின் கடைசியில் வைப்பதைவிட முற்பகலில் வைப்பது நல்லது. மதியம் அரை மணி நேரம் கண்ணயர அமைதியான ஓர் இடம் இருந்தால் பெரிய உதவி. சூரியன் மறையும் நேரம் தேர்வுக்கு நடுவில் வந்தால், மேசையிலேயே பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொள்ள அனுமதித்தால் போதும். நோன்பு திறக்க ஒரு நிமிடம்தான் ஆகும். தேர்வு இருக்கிறது என்பதாலேயே நோன்பை விடலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குர்ஆன் (2:185) நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க அனுமதி தருகிறது. தேர்வு அந்தப் பட்டியலில் இல்லை. தாங்க முடியாத சிரமம் வந்தால் என்ன செய்வது என்பதை அவரவர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு நோற்பதில்லை, தொழுவதுமில்லை. விட்ட நோன்பைப் பிறகு நோற்பார்கள். நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்களும் விடுவார்கள். 'நீ ஏன் இன்றைக்கு நோன்பு இல்லை?' என்று நட்பாகக் கேட்டாலும், அது ஒருவரின் உடல்நிலையை நாலு பேர் நடுவில் சொல்ல வைக்கும் கேள்வி. ஆசிரியரோ சக மாணவரோ, முஸ்லிமோ அல்லவோ, யாரும் கேட்கக் கூடாது.

## பேச ஓர் ஆள்

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஊர்வாரியாகவும் இனவாரியாகவும் மாணவர் தங்கிய ரிவாக் என்னும் பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒரு ஷைக் இருந்தார். தூர தேசத்திலிருந்து வந்த மாணவர் கல்வியைத் தவிர மற்றவற்றுக்கும் அவரிடம் போகலாம். இன்றைய பல்கலைக்கழகங்களில் அந்த இடம் நெடுங்காலம் காலியாக இருந்தது. அமெரிக்காவில் முஸ்லிம் மாணவர் சங்கம் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1963இல் உருவானபோது மாணவர்களே இமாமாகவும் ஆலோசகராகவும் இருந்தார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1999இல் முழுநேர முஸ்லிம் ஆன்மிக ஆலோசகர் ஒருவரை நியமித்தது. அந்நாட்டில் அதுவே முதல் முறை.

இத்தகைய ஆலோசகரிடம் வரும் கேள்விகளில் தொழுகைச் சட்டம் ஒரு பகுதிதான். வீட்டை விட்டு முதன்முறையாகத் தனியே இருப்பவரின் தனிமை, வகுப்பில் கேட்ட ஒரு வாதத்தால் எழுந்த சந்தேகம், மது பரிமாறும் துறை விருந்துக்குப் போவதா, வட்டியுள்ள கல்விக்கடன் வாங்குவதா, குடும்பத்துக்குத் தெரியாமல் இஸ்லாத்துக்கு வந்தவரின் அச்சம், அன்று காலை வந்த மரணச் செய்தி எல்லாம் வரும். ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) தாமதிக்காமல் அடக்கம் செய்வது வழக்கம் என்பதால் மாணவர் சில மணி நேரத்தில் புறப்பட வேண்டியிருக்கும். சான்றிதழ் காட்டினால்தான் விடுப்பு என்பது இங்கே நடக்காத காரியம். முதலில் விடுப்பு, காகிதம் பிறகு.

இந்தப் பொறுப்புக்கு நன்றாக ஓதத் தெரிந்தவர் என்பது மட்டும் தகுதியாகாது. உளூ முறிந்துவிட்டதோ என்று மாணவர் ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பக் கழுவினால், அது வஸ்வாஸ் (மனத்தில் எழும் வீண் சந்தேகம்) என்று சொல்லி 'பொருட்படுத்தாதே' என்பது பலருக்குப் போதும். சிலருக்கு அது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறி, அவருக்கு மருத்துவர் வேண்டும். மனச்சோர்வை 'ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு' என்று சொல்லி அனுப்பிவிடுவது ஆபத்து. மறுபக்கம், தொழுகைதான் உன் பிரச்சினைக்குக் காரணம் என்று சொல்லும் மனநல ஆலோசகரிடம் அந்த மாணவர் மறுமுறை போகமாட்டார். இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருந்தால்தான் மாணவரை இவரிடமிருந்து அவரிடம் கைமாற்ற முடியும்.

அவரிடம் சொன்னது வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். யார் தொழுகைக்கு வருகிறார், யார் என்ன கேட்டார் என்று நிர்வாகத்துக்குத் தகவல் தரும் பொறுப்பை அவர்மேல் சுமத்தினால் அறை அன்றோடு காலியாகிவிடும். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும்.

## ஆண்டுதோறும் அறுந்துபோகும் கயிறு

முழுநேர ஆலோசகர் இல்லாத இடங்களில் மாணவர் அமைப்பே எல்லாவற்றையும் சுமக்கிறது. அதன் பலவீனம் தெரிந்ததுதான்: பொறுப்பாளர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மாறுவார்கள், மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லோரும் போய்விடுவார்கள். போன குழு ஆறு மாதம் பேசி வாங்கிய அனுமதியைப் புதிய குழு மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறது. நிர்வாகத்திலும் அந்த அதிகாரி மாறியிருப்பார்.

இதற்கு மருந்து ஒரு கோப்பு. அதில் இருக்க வேண்டியவை: அறை ஒதுக்கிய கடிதத்தின் நகல், வெள்ளிக்கிழமை அட்டவணை ஏற்பாடு யாரோடு பேசி முடிவானது, கிப்லாக் கோணம், தண்ணீர்க் குழாய் பழுதானால் சொல்ல வேண்டிய பிரிவு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ரமலானும் இரு பெருநாட்களும் விழக்கூடிய தேதிகள், குத்பா ஓத ஒப்புக்கொண்டவர்கள், சென்ற ஆண்டு தேர்வு நேரத்தில் கொடுத்த விண்ணப்பங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும். புதிய குழு பொறுப்பேற்கும் நாளில் பழைய செயலாளரும் புதிய செயலாளரும் சேர்ந்து போய் தேர்வுத் துறையையும் கட்டடப் பராமரிப்புப் பிரிவையும் ஒரு முறை நேரில் பார்த்து வர வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும், அஸருக்கு முன் திரும்பிவிடலாம்.